ஆள் வருது

போன வருடம் ஆவணி மாதத்தில் என் மகள் கிருபா பேசுவதை நிறுத்திவிட்டாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை. காதும் நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் வருவாள். சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவாள். வாயிலிருந்து ஒரு வார்த்தை மட்டும் வராது. நான்கு மாதம் அப்படியே இருந்தாள்.

பிள்ளைகளே, நான் அதிகம் படித்தவன் இல்லை. பத்தாவது பாதியில் நின்றவன். திருச்சியில் ஒரு தனியார் டவுன் பஸ் ஓட்டுகிறேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீரங்கம், அங்கிருந்து திரும்ப சத்திரம். நாள் முழுக்கக் காவிரிப் பாலத்தின் மேல் போவதும் வருவதும்தான் என் பிழைப்பு. கர்த்தர் எங்களுக்குச் செய்ததை நீங்கள் படிக்கிற மாதிரி எழுதிக் கொடுக்கும்படி உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர் கேட்டார்கள். கிருபாவிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா. ஆனா நான் அழுததை மட்டும் எழுதாதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அதனால் அவள் அழுத இடம் ஒன்றும் இதில் வராது. நான் அழுத இடம் வரும்.

கிருபாவின் அம்மா பெயர் எஸ்தர். எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவோம். நடுவில் நடைபாதை. எஸ்தர் பெண்கள் பக்கம் ஓரத்தில் உட்காருவாள். நான் அதே வரிசையில் ஆண்கள் பக்கம் ஓரத்தில் உட்காருவேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. போதகர் பாட்டு நம்பர் சொல்லும்போது எனக்குச் சட்டென்று பிடிபடாது. நான் விழிப்பதைப் பார்த்து எஸ்தர் விரலால் காட்டுவாள். நூற்று நாற்பத்தி ஐந்து என்றால் ஒரு விரல், நாலு விரல், ஐந்து விரல். நடுவில் பூஜ்யம் வந்தால் கையை மூடிக் காட்டுவாள். மடியில் வைத்து யாருக்கும் தெரியாமல்தான் காட்டுவாள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேனா என்று பார்த்த பிறகுதான் தன் புத்தகத்தைத் திறப்பாள்.

ஆனால் நான் எல்லா ஞாயிறும் போனவன் இல்லை. அதை மறைக்கக் கூடாது. ஸ்ரீரங்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அதிகம். ஷெட்டில் யாராவது லீவு போட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். "உங்களை விட்டா ஆள் இல்லைங்க" என்று மேனேஜர் சொல்வார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. நான் இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்று நானே நம்பினேன்.

போன வருடம் ஆடிப்பெருக்கு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அம்மா மண்டபத்துக் காவிரிப் படித்துறைக்கு ஊரே திரண்டு போகிற நாள். எஸ்தருக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். காலையில் நான் காக்கிச் சட்டை போடும்போது கட்டிலில் படுத்தபடியே சொன்னாள்.

"இன்னைக்கு ஒரு நாள் போகாதீங்களேன். எழுந்தா தலை சுத்துது."

"இன்னைக்குப் போய் லீவு கேட்டா சிரிப்பாங்க எஸ்தர். மாத்திரை போட்டுட்டுப் படு. மத்தியானம் போன் பண்றேன்."

மத்தியானம் நான் போன் பண்ணவில்லை. கூட்டத்தில் மறந்துவிட்டேன். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காதான் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டெங்கு என்றார்கள். புதன்கிழமை எஸ்தர் போய்விட்டாள்.

அந்த ஞாயிறு முழுக்க அம்மா கூட இருந்தது கிருபா ஒருத்திதான். ஈரத்துணி நனைத்து நெற்றியில் போட்டிருக்கிறாள். தண்ணீர் கொடுத்திருக்கிறாள். "அப்பாவுக்குப் போன் பண்ணவாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். "அப்பா வண்டி ஓட்டுறாங்க, பண்ணாதே" என்று எஸ்தர் சொன்னாளாம். இது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாள் கிருபா ஒன்றிரண்டு வார்த்தை பேசினாள். பிறகு அதுவும் நின்றது. ஸ்கூலில் டீச்சர் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாளாம், அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டினேன். எல்லாம் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "மருந்து ஒண்ணும் வேண்டாம்ங்க. துக்கம். நீங்க கூட இருங்க, போதும்."

கூட இருங்க. அந்த ஒன்றைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. பிள்ளைகளே, உங்களுக்கு இது புரியுமோ என்னமோ. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் வரை எனக்கு ஒன்றும் தெரியாது. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் கட்டில் தெரியும், அவள் மாத்திரை அட்டை தெரியும். சபையில் உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் தெரியும். விரல் காட்ட ஆள் இருக்காது. அதனால் மேனேஜரிடம் நானே போய்ச் சொன்னேன், "எல்லா ஞாயிறும் எனக்கே டூட்டி போடுங்க" என்று. கிருபாவைப் பாக்கியம் அக்கா சபைக்குக் கூட்டிப் போனார்கள். அக்காவின் வீட்டுக்காரர் செல்வராஜும் என்னைப் போலத்தான். லேத் பட்டறையில் ஞாயிறும் வேலை என்று சபைப் பக்கம் வருவதில்லை.

ஜெபம் பண்ணாமல் இல்லை. தினமும் வண்டியை எடுக்கும் முன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து ஒரே ஜெபம்தான் பண்ணுவேன். "ஆண்டவரே, என் பிள்ளை ஒரு வார்த்தை பேசட்டும். என்னைத் திட்டினாலும் சரி. ஒரு வார்த்தை." ஆமென் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிடுவேன். பதிலுக்குக் காத்திருக்க எனக்கு நேரம் இருந்ததில்லை.

இந்தச் சமயத்தில் வீட்டில் ஒரு தொந்தரவு. என்னிடம் இரண்டு துண்டு உண்டு. ஒன்று நீலக் கரை, ஒன்று பச்சைக் கரை. டிரைவருக்குத் துண்டு இல்லாமல் முடியாது. இன்ஜின் சூட்டுக்குக் கழுத்தில் துண்டு வேண்டும். ஒன்று போட்டிருந்தால் ஒன்று கொடியில் காயும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பார்த்தால் கொடியில் நீலக் கரைத் துண்டு இருக்காது. திங்கட்கிழமை மடித்து அதே இடத்தில் கிடக்கும். ஒரு வாரம் இல்லை, வாராவாரம். கிருபாதான் எடுக்கிறாள் என்று தெரிந்தது. எதற்கென்று தெரியவில்லை.

ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிறு, பச்சைத் துண்டும் நனைந்து கிடந்தது. டூட்டிக்கு நேரமாகிவிட்டது. "துண்டு எங்கே?" என்று கத்தினேன். கிருபா தூக்கத்திலிருந்து எழுந்து வந்து நின்றாள். "வாயைத் திறந்து சொல்லேன்! துண்டை எடுத்து என்ன பண்றே?" அவள் என்னையே பார்த்தாள். நான் கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். அவள் உள்ளே போய்த் தன் சபைப் பைக்குள்ளிருந்து துண்டை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு போய்விட்டேன். அடுத்த ஞாயிறு மறுபடியும் துண்டைக் காணோம். என்ன பிடிவாதம் என்று நினைத்தேன். பேசாத பிள்ளையிடம் காரணம் கேட்டுக் கையை ஓங்கிய முட்டாள்தனம் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை.

என் வண்டிக் கண்டக்டர் காதர் பாய். பாலக்கரைப் பக்கத்துக்காரர். வெள்ளிக்கிழமை மத்தியானம் வண்டி சத்திரத்தில் நிற்கும்போது தொழுகைக்கு ஓடுவார். அவர் வரும்வரை நான் கீழே இறங்கி, "ஸ்ரீரங்கம், ஸ்ரீரங்கம்!" என்று ஆள் கூப்பிடுவேன். அவருக்கு என் மேல் ஒரு கிண்டல் உண்டு.

"அண்ணே, என் தொழுகைக்கு வெள்ளிக்கிழமை வண்டியை நிறுத்தி வைக்கிறீங்க. உங்க ஜெபத்துக்கு எப்ப நிறுத்தப் போறீங்க?"

"வண்டி நின்னா ஜனம் நிக்குமே பாய்."

"ஜனம் அடுத்த வண்டியில ஏறிடும்ணே. நீங்க வரலைன்னா ரங்கநாதர் கோவில் நடையைச் சாத்திடுவாங்களா?"

நானும் சிரித்துவிட்டு கியரைப் போடுவேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. மார்கழி மாதம் ஸ்ரீரங்கத்தில் கேட்கவே வேண்டாம், அப்படிக் கூட்டம். காலை ஒன்பதரை மணி இருக்கும். வண்டியில் நிற்க இடம் இல்லை. சிந்தாமணி தாண்டிப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் முன்னால் 'பட்' என்று ஒரு சத்தம். ஆவி கிளம்பியது. ஃபேன் பெல்ட் அறுந்துவிட்டது. ஓரம் கட்டினேன்.

மடியில் துளசி மாலைக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மாமி சத்தம் போட்டார். "ஏன்டாப்பா டிரைவர், பெருமாளைச் சேவிக்க விடமாட்டியா?"

காதர் பாய் விட்டாரா. "பெருமாள் எங்கயும் போகமாட்டாரும்மா. பின்னாடி வண்டி வருது, பார்த்து இறங்குங்க." எல்லோரையும் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார். ஷெட்டுக்குப் போன் பண்ணினோம். மெக்கானிக் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

நின்ற வண்டியின் பக்கத்தில் நின்றேன். அப்போதுதான் கேட்டது. எங்கள் சபை அங்கிருந்து இரண்டு தெரு. பாடுகிற சத்தம். காதர் பாய் என் முகத்தைப் பார்த்தார்.

"போங்கண்ணே."

"எங்கே?"

"எங்கேன்னு எனக்கா தெரியணும்?"

"காக்கிச் சட்டை பாய். கையெல்லாம் கிரீஸ்."

"உள்ள இருக்கிறவர் யூனிஃபார்மைப் பார்த்துத்தான் ஆளை விடுவாரா? போங்கண்ணே. வண்டி ஓடிப்போயிடாது. அதுக்கு பெல்ட்டே இல்லை."

போனேன். உள்ளே போகும் எண்ணம் இல்லை. பிள்ளையைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். என் வரிசைக்கு அருகே இருந்த பக்கவாட்டு வாசலில், செருப்பு விடுகிற இடத்தில் நின்றேன். பண்டிகை சமயம் அல்லவா, வெளியூர் ஜனமும் சேர்ந்து உள்ளே நிறைந்திருந்தது. ஆண்கள் பக்கம் ஐந்தாறு பேர் சுவர் ஓரம் நின்றார்கள். அவ்வளவு கூட்டத்தில், நான் வழக்கமாக உட்காரும் ஓர இடம் மட்டும் காலியாக இருந்தது.

காலி இல்லை. அங்கே என் நீலக் கரைத் துண்டு விரித்துக் கிடந்தது.

பிள்ளைகளே, நீங்கள் பஸ்ஸில் பார்த்திருப்பீர்கள். கூட்டமாக இருந்தால் கீழே நிற்கிறவர் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார். வேறு யாராவது உட்காரப் போனால் பக்கத்துச் சீட்டுக்காரர் சொல்வார், "ஆள் வருது". உடனே அவர் தள்ளிப் போய்விடுவார். துண்டுக்கு அவ்வளவு மரியாதை. கிருபா சின்னப் பிள்ளையாக என் வண்டியில் முன் சீட்டில் உட்கார்ந்து வரும்போது, "ஏம்ப்பா அந்த இடத்துல யாரும் உட்காரலை?" என்று கேட்டாள். "துண்டு கிடக்கில்ல? போட்டவர் வர்ற வரைக்கும் அது அவர் இடம்" என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். சொன்னதை நான் மறந்துவிட்டேன். அவள் மறக்கவில்லை.

நான்கு மாதமாக, நான் துண்டை வாங்கிக்கொண்டு போன அந்த ஒரு ஞாயிறு தவிர, வாராவாரம் அவள் என் இடத்தில் துண்டு போட்டிருக்கிறாள். பக்கத்தில் உட்காருகிற தேவசகாயம் ஐயா, பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், யார் வந்தாலும் "ஆள் வருது" என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஒரு ஞாயிறுகூட ஆள் வரவில்லை. அவரும் சொல்வதை நிறுத்தவில்லை. இதையெல்லாம் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு ஐயா வரவில்லை. கண் ஆபரேஷன். வெளியூர்க்காரர் ஒருவர், நல்ல மனிதர்தான், அவருக்கு விஷயம் தெரியாது, துண்டை எடுத்து மடித்துப் பெஞ்சின் முதுகில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து கிருபா எழுந்தாள். பாக்கியம் அக்கா அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தார்கள். உதறிவிட்டாள். சபை பாடிக்கொண்டிருக்கும்போதே நடைபாதையைத் தாண்டி அந்த மனிதர் முன்னால் வந்து நின்றாள். அவர் சிரித்தார். "என்ன பாப்பா?"

கிருபாவின் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. மறுபடி அசைந்தது.

"ஆள் வருது."

கரகரவென்று வந்தது. ஆனால் வந்தது.

"எங்கம்மா ஆளு?" என்று அவர் சுற்றிப் பார்த்தார்.

"வருது. எங்க அப்பா. ஆள் வருது."

நான் செருப்பை விட்டேனா இல்லையா, தெரியாது. காக்கிச் சட்டையோடு, கிரீஸ் கையோடு நடைபாதையில் நடந்தேன். "வந்துட்டேம்மா" என்றேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர் எழுந்து, "உட்காருங்க சார்" என்றார். உட்கார என்னால் முடியவில்லை. அந்த இடத்தில் முழங்கால் போட்டேன். பிள்ளைகளே, சபை முன்னால் நான் சத்தமாக அழுதேன். யாரும் பாட்டை நிறுத்தவில்லை. அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. என் அழுகையையும் உள்ளே வைத்துக்கொண்டு அவர்கள் பாடிக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்திருக்கிறார். காதர் பாய் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பவில்லை. ஆராதனை முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது பெல்ட் போட்டு வண்டி தயாராக நின்றது. கிருபாவும் கூட வந்திருந்தாள். காதர் பாய் அவள் முகத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டு, "ஏறுங்க பாப்பா, முன் சீட்டு உங்களுக்குத்தான்" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவளிடம் கேட்டேன். "ஏம்மா, நான் வரமாட்டேன்னு தெரியாதா? ஏன் போட்டே?"

துண்டை மடித்துக் கொடியில் போட்டாள். பிறகு சொன்னாள்.

"அம்மா இடத்துல ரெண்டாவது வாரமே வேற ஆள் உட்கார்ந்துட்டாங்கப்பா. நான் ஒண்ணும் போட்டு வைக்கலை. உங்க இடமும் போயிடக் கூடாதுன்னுதான்."

இந்த இடத்தில் இன்னும் ஒன்று எழுத வேண்டும். எழுதமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த நாள் மேனேஜரிடம் போனேன். "ஞாயிறு வரமாட்டேன். வேற எந்த நாளும் வரேன்" என்றேன். கோபப்பட்டார். பிறகு ஸ்ரீரங்கத்து டிரைவர் சீனு, புரட்டாசி சனிக்கிழமைகளில் அவருக்குப் பதில் நான் ஓட்டுவதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை எடுப்பதாகச் சொன்னார். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நான் இல்லாமலே ஸ்ரீரங்கத்துக்கு ஜனம் போய் வருகிறது. முதல் ஞாயிறு அதைப் பார்க்க எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

கர்த்தருடைய நாளில் ஓய்ந்திருந்தால் உடனே மனசு லேசாகிவிடும் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லமாட்டேன். எனக்குப் பாரம்தான் முதலில் வந்தது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் மத்தியானம் நீளமாக இருக்கும். நான் பயந்து ஓடியதெல்லாம் அந்த மத்தியானத்தில் வந்து எதிரே உட்கார்ந்துகொள்ளும். எஸ்தர் கேட்ட அந்த ஒரு நாள். நான் பண்ணாத அந்த ஒரு போன். ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டேன். கிருபாவிடமும் கேட்டேன், ஓங்கிய கைக்கும் சேர்த்து. அந்த மத்தியானங்களில்தான் அவள் அம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ஈரத்துணி போட்டதைச் சொன்னாள். போன் பண்ணாதே என்று அம்மா சொன்னதைச் சொன்னாள். ஒரு பிள்ளை அதைத் தனியாக நான்கு மாதம் சுமந்திருக்கிறது. இறக்கி வைக்க அதற்கு ஓர் இடம் வேண்டும், கேட்கிற ஆள் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஓடுகிற வண்டியில் ஏறி அதைச் சொல்ல முடியுமா?

என் ஜெபத்துக்குப் பதில் வந்தது. ஆனால் ஒரு வார்த்தை கேட்டேன், கர்த்தர் ஒரு நாளையே கொடுத்தார். அவர் எனக்காக வைத்திருந்த நாள்தான் அது. நான்தான் வந்து உட்காரவில்லை.

எஸ்தர் திரும்பி வரப்போவதில்லை. கிருபாவும் முன்னைப் போலக் கலகலவென்று பேசுவதில்லை. பேசுகிறாள், அது போதும். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு போதகர் ஏதோ பாட்டு நம்பர் சொன்னார். எனக்குப் பிடிபடவில்லை. பழக்க தோஷம், எதிர்ப்பக்கம் பார்த்தேன். அந்த ஓரத்தில் பாக்கியம் அக்கா தள்ளி உட்கார்ந்து கிருபாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் என்னைப் பார்க்காத மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் மடியில் இருந்தது. இரண்டு விரல். மூடின கை. மூன்று விரல். நான் பக்கத்தைத் திருப்பும்வரை காத்திருந்து, பிறகுதான் தன் புத்தகத்தைத் திறந்தாள்.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஓடுகிற அப்பாவோ அம்மாவோ இருக்கலாம். அவர்கள் மேல் கோபப்படாதீர்கள். என்ன பயத்தில் ஓடுகிறார்கள் என்று நமக்குத் தெரியாது. சிலருக்கு உண்மையிலேயே வழியும் இருக்காது. நீங்கள் போங்கள். போய் அவர்களுக்கும் சேர்த்து உட்காருங்கள். பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் கெஞ்சிக் கேட்கிறேன், உங்களுக்காக யாராவது இடம் பிடித்து வைத்திருப்பார்கள், அந்த இடத்தை ஒரு தடவை வந்து பாருங்கள். வண்டி பழுதாகும் வரை காத்திருக்காதீர்கள்.

இப்போது என் பச்சைக் கரைத் துண்டையும் ஞாயிறு காலையில் கொடியில் காணோம். கேட்க வேண்டிய அவசியம் இல்லை. அது என் இடத்துக்கு அடுத்த இடத்தில் கிடக்கிறது. பாக்கியம் அக்கா வீட்டுக்காரர் செல்வராஜுக்காகக் கிருபா போட்டு வைத்தது. மூன்று மாதமாகிறது. அவர் இன்னும் வரவில்லை. கூட்டம் அதிகமான நாளில் யாராவது வந்து, "இங்க உட்காரலாமாங்க?" என்று கேட்கிறார்கள்.

நான் துண்டைக் காட்டிச் சொல்கிறேன்: "ஆள் வருது."